ஓமத் தைலத்துக்குக் கொசுப்புழு சாகுமா?

போன ஐப்பசி மழையில் டெங்கு தடுப்புப் பணிக்காக எங்கள் தெருவுக்கு ஒரு பெண் வந்தார். கையில் டார்ச், தோளில் பை, பைக்குள் அபேட் மருந்து பாட்டில். பக்கத்து வீட்டுப் பின்கட்டில் இருக்கும் சிமெண்ட் தொட்டியை எட்டிப் பார்த்தவர், "புழு இருக்கு பாட்டி, மருந்து ஊத்திடட்டுமா?" என்று கேட்டார்.

"வேண்டாம்மா. அந்தக் கெமிக்கல் எல்லாம் எதுக்கு? ரெண்டு நாளைக்கு முன்னாடிதான் ஒரு பாட்டில் ஓமத் தண்ணி ஊத்தினேன். தானா செத்துடும்."

அந்தப் பெண் மறுத்துப் பேசவில்லை. ஒரு கண்ணாடி டம்ளரை வாங்கித் தொட்டித் தண்ணீரை மொண்டு, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார். பத்துப் பன்னிரண்டு புழுக்கள் குஷியாக நெளிந்துகொண்டிருந்தன. மூக்கை அருகில் கொண்டுபோனால் லேசாக ஓம வாசனையும் வந்தது.

பாட்டி சொன்னதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. ஓமத்திலிருந்து காய்ச்சி எடுத்த தைலம் கொசுப்புழுவைக் கொல்லும் என்பது ஆய்வுக்கூடத்தில் அளந்து பார்த்த விஷயம். அப்படியிருந்தும் பாட்டியின் தொட்டியில் ஒரு புழுகூடச் சாகவில்லை. இரண்டும் எப்படி ஒரே சமயத்தில் உண்மையாக இருக்கும்? அது புரிந்துவிட்டால், "இயற்கைக் கொசு மருந்து" என்று கைப்பேசிக்கு வரும் குறிப்புகளில் பாதியை நீங்களே எடை போட்டுவிடலாம்.

டம்ளருக்குள் இருப்பது யார்?

முதலில் புழுவைப் பார்ப்போம். கொசுவின் வாழ்க்கையில் நான்கு கட்டங்கள்: முட்டை, புழு, கூட்டுப்புழு, கொசு. முதல் மூன்றும் தண்ணீரோடு கட்டுண்டவை. நம் ஊர் வெக்கையில் முட்டை பொரிந்து கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். புழு அந்தச் சில நாளுக்குள் நான்கு பருவங்களாக வளர்கிறது. ஒவ்வொரு பருவத்துக்கும் ஒருமுறை தோலை உரிக்கிறது.

அந்த டம்ளரில் புழுக்கள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன. வால் பக்கம் இருக்கும் சின்னக் குழாயைத் தண்ணீர்ப் பரப்பில் ஒட்டவைத்து மூச்சு விடும் நிலை அது. டம்ளரை விரலால் ஒரு தட்டு தட்டினால் சடாரென்று அடிக்குப் போகும். கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்க மேலே வந்துதான் ஆக வேண்டும். ஏடிஸ், கியூலெக்ஸ் என்ற இரண்டு கொசு வகைகளின் புழுக்களும் இப்படித் தொங்கும். மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் புழுவுக்கு அந்தக் குழாய் கிடையாது. தண்ணீர்ப் பரப்புக்கு இணையாகப் படுத்திருக்கும். தெளிந்த தொட்டித் தண்ணீரில் தொங்குவது பெரும்பாலும் ஏடிஸ்தான், அதாவது டெங்கு ஆசாமி. கூட்டுப்புழு காற்புள்ளி போல வளைந்திருக்கும். அது எதையும் தின்பதில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கொசுவை விட்டுவிட்டுப் புழுவை ஏன் துரத்த வேண்டும்? கொசு பறக்கும், கட்டிலுக்கு அடியில் ஒளியும், பக்கத்துத் தெருவுக்குப் போகும். புகை அடித்தால் அந்த நேரத்தில் பறந்துகொண்டிருக்கும் கொசுதான் சாகும். புழுவோ ஒரு தொட்டிக்குள், ஒரு சிரட்டைக்குள், ஃபிரிட்ஜின் பின்னால் தண்ணீர் சேரும் தட்டுக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது. ஓட இடமில்லை.

பழைய வைத்தியம் இந்த மூச்சுக் குழாயைத்தான் குறிவைத்தது. தேங்கிய தண்ணீரில் மண்ணெண்ணெய் ஊற்றினால் மேலே மெல்லிய படலம் பரவி, புழு மூச்சுத் திணறிச் சாகும். பனாமா கால்வாய் வெட்டிய காலத்தில் வில்லியம் கோர்காஸ் தலைமையிலான குழு குட்டை குட்டையாக இப்படி எண்ணெய் ஊற்றியது. குடிக்கிற தண்ணீரில் இதைச் செய்ய முடியாது. அப்புறம் வந்ததுதான் டெமிஃபாஸ். அந்தப் பெண்ணின் பையில் அபேட் என்ற பெயரில் இருந்த மருந்து அதுவே. புழுவின் நரம்பைத் தாக்கும் செயற்கை இரசாயனம். லிட்டருக்கு 1 மில்லிகிராமைத் தாண்டாமல் குடிநீர்த் தொட்டியில் போடலாம் என்று உலக சுகாதார நிறுவனம் அனுமதிக்கிறது.

பிறகு எதற்கு மாற்று தேட வேண்டும்? ஒரே மருந்தைப் பல ஆண்டுகள் ஊற்றிக்கொண்டே இருந்தால் அதற்குச் சாகாத புழுக்கள் மட்டும் மிஞ்சிப் பெருகும். பிரேசிலில் ஏடிஸ் கொசு டெமிஃபாஸுக்கு இப்படித்தான் பழகிப்போனது, வேறு நாடுகளிலும் இந்தக் கதை உண்டு. தாவரத் தைலங்களின் பக்கம் ஆய்வாளர்களின் கண் திரும்பியதற்கு இது பெரிய காரணம்.

தைலம் வேறு, எண்ணெய் வேறு

இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். ஒரு வெள்ளைத் தாளை எடுங்கள். ஒரு ஓரத்தில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய், இன்னொரு ஓரத்தில் ஒரு சொட்டு யூகலிப்டஸ் தைலம். மறுநாள் பார்த்தால் தேங்காய் எண்ணெய் விழுந்த இடம் கண்ணாடி மாதிரிப் பளபளத்துக்கொண்டே இருக்கும். தைலம் விழுந்த இடத்தில் ஏறக்குறைய ஒன்றும் இருக்காது, காற்றோடு போயிருக்கும். கலப்படமான தைலம் என்றால் கறை நிற்கும், அதுவும் ஒரு சோதனைதான்.

தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், வேப்பெண்ணெய் எல்லாம் கொழுப்பு எண்ணெய்கள், செக்கில் ஆட்டி எடுப்பவை. தைலம் என்று இங்கே நான் சொல்வது ஆவியாகிற வாசனை எண்ணெயை. யூகலிப்டஸ், கிராம்பு, எலுமிச்சைப் புல், ஓமம், ஆரஞ்சுத் தோல் இவற்றிலிருந்து வருவது. (மூலிகைகளை நல்லெண்ணெயில் காய்ச்சும் சித்த, ஆயுர்வேதத் தைலங்கள் இந்தக் கணக்கில் வரா.) வேப்பெண்ணெய்க்கும் புழுவைத் தடுக்கும் சக்தி உண்டு. ஆனால் அது வேலை செய்யும் விதமே வேறு. அதிலுள்ள அசாடிராக்டின் பூச்சியின் தோலுரிப்பையும் வளர்ச்சியையும் குலைக்கிறது. அதையும் தைலங்களையும் ஒரே கூடையில் போட்டுப் பேசும் கட்டுரைகளைக் கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள்.

தைலம் எடுக்கும் முறை எளிமையானது. ஊட்டிப் பக்கம் போனவர்கள் யூகலிப்டஸ் தைலம் காய்ச்சும் கொட்டகையைப் பார்த்திருக்கலாம். பெரிய பாத்திரத்தில் இலையைத் திணித்து, தண்ணீர் விட்டு, கீழே விறகு எரிப்பார்கள். நீராவி மேலே போகும்போது இலையிலுள்ள வாசனைப் பொருளையும் இழுத்துக்கொண்டு போகும். குளிர்ந்த தண்ணீருக்குள் ஓடும் குழாய் வழியாக அந்த ஆவி இறங்கி மறுபடி நீராகும்போது, தைலம் பிரிந்து மேலே மிதக்கும். அதை வழித்து எடுத்தால் தைலம். கீழே மிச்சமிருக்கும் வாசனைத் தண்ணீர்தான் தீநீர். ஓமத் தண்ணீர் இந்த இரண்டாவது வகை. பாட்டி ஊற்றியதும் இதைத்தான்.

செடி இந்த வாசனையை நமக்காக உண்டாக்கவில்லை. தன்னைக் கடிக்க வரும் பூச்சியையும் பூஞ்சையையும் விரட்ட அது வைத்திருக்கும் ஆயுதம் இது. ஒரு தைலத்தில் பல பத்து இரசாயனங்கள் இருக்கும். இரண்டு மூன்று மட்டும் தூக்கலாக இருக்கும். கிராம்பில் யூஜினால், ஓமத்தில் தைமால், எலுமிச்சைப் புல்லில் சிட்ரால், ஆரஞ்சுத் தோலில் லிமோனீன், யூகலிப்டஸில் சினியோல். ஆம், இவையும் கெமிக்கல்தான். பாட்டியிடம் மட்டும் இதைச் சொல்லிவிடாதீர்கள்.

புழுவுக்கு உள்ளே என்ன நடக்கிறது?

தைலத்தின் மூலக்கூறுகள் சின்னவை, கொழுப்பில் எளிதாகக் கரைபவை. புழுவின் மேல்தோலில் மெழுகும் கொழுப்பும் இருப்பதால் அதைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகின்றன. தண்ணீரோடு சேர்த்துப் புழு விழுங்குவதால் குடல் வழியாகவும் போகின்றன. உள்ளே போன பிறகு ஒரே இடத்தில் அடிப்பதில்லை. தைமால் நரம்பில் காபா என்ற அடக்கும் சமிக்ஞையைப் பிடித்துக்கொள்ளும் இடங்களில், அதாவது அதன் வாங்கிகளில், தலையிடுகிறது. வேறு சில, பூச்சிகளின் நரம்பு வேலைக்கு முக்கியமான ஆக்டோபமின் வாங்கிகளைக் குழப்புகின்றன. இன்னும் சில, நரம்புச் செய்தி முடிந்ததும் அதைத் துடைத்தெடுக்கும் நொதியை ஓரளவு முடக்குகின்றன. நடுக்குடலின் சுவர்ச் செல்கள் சிதைவதும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் புழு முதலில் வெறி பிடித்தாற்போல் சுழலும், பிறகு வலிப்பு வந்தது போல உதறும், அப்புறம் அசைவற்று அடியில் கிடக்கும்.

இப்படிப் பல முனையில் தாக்குவதுதான் தைலங்களின் பெரிய கவர்ச்சி. ஒற்றை மருந்துக்கு எதிராகப் புழு ஒரு பூட்டை மாற்றினால் போதும். பத்துச் சாவிகள் ஒன்றாக வந்தால் பத்துப் பூட்டையும் மாற்றுவது கடினம். எதிர்ப்பு வரவே வராது என்று சொல்ல மாட்டேன். மெதுவாக வரும் என்பதுதான் எதிர்பார்ப்பு.

இளம் பருவப் புழு சீக்கிரம் சாகும், நான்காம் பருவம் தாக்குப்பிடிக்கும். கூட்டுப்புழுவோ ஒன்றும் தின்னாததால் குடல் வழி அடைபட்டுப்போகிறது. அதன் தோலும் கெட்டி. அதைக் கொல்ல இன்னும் கூடுதல் அளவு வேண்டும்.

இருபத்தைந்து புழு, நூறு மில்லி தண்ணீர்

"கொல்லும்" என்று ஆய்வாளர் சொல்லும்போது என்ன செய்து பார்த்துவிட்டுச் சொல்கிறார்? உலக சுகாதார நிறுவனம் 2005இல் ஒரு செய்முறை வகுத்திருக்கிறது. ஒரு கோப்பையில் ஏறத்தாழ 100 மில்லி தண்ணீர், அதில் 25 புழுக்கள், மூன்றாம் பருவக் கடைசியோ நான்காம் பருவத் தொடக்கமோ. ஒவ்வொரு அளவு மருந்துக்கும் இப்படிப் பல கோப்பைகள். பக்கத்திலேயே மருந்து இல்லாத கோப்பைகள். 24 மணி நேரம் கழித்துச் செத்ததை எண்ண வேண்டும். மருந்தே இல்லாத கோப்பையில் 20 சதவீதத்துக்கு மேல் புழு செத்திருந்தால் அந்தச் சோதனையையே தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

மருந்தில்லாத அந்தக் கோப்பை தைலங்களுக்கு ரொம்ப அவசியம். தைலம் தண்ணீரில் எளிதில் கரையாது என்பதால் முதலில் அசிட்டோன், சாராயம் போன்ற ஏதோ ஒன்றில் கரைத்துத்தான் கலப்பார்கள். அந்தக் கரைப்பானே புழுவைக் கொன்றிருந்தால்? அதனால் மருந்தில்லாத கோப்பையிலும் அதே அளவு கரைப்பானை விட வேண்டும். வீட்டில் சோதனை செய்து படம் பிடித்துப் போடுபவர்கள் கோட்டைவிடும் இடம் இது. சோப்புத் தண்ணீரில் தைலத்தைக் கலந்து ஊற்றி, புழு செத்ததும் தைலத்துக்கு மாலை போடுகிறார்கள். தைலமே இல்லாமல் வெறும் சோப்புத் தண்ணீரும் புழுவைக் கொல்லும்.

எண்ணி முடித்ததும் ஒரு எண் கிடைக்கும்: எல்சி 50. பாதிப் புழுக்களைக் கொல்லத் தேவையான அளவு அது. பிபிஎம் என்ற அலகில் சொல்வார்கள். 1 பிபிஎம் என்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் 1 மில்லிகிராம். எண் சிறியதாக இருந்தால் மருந்து வீரியமானது.

2014இல் வெளியான ஒரு தொகுப்பு ஆய்வு, ஏடிஸ் புழுக்கள் மீது அதுவரை சோதித்த 361 தைலங்களைக் கணக்கெடுத்தது. 269 வகைச் செடிகளிலிருந்து எடுத்தவை. அவற்றில் 60 சதவீதத்துக்கும் மேல் 100 பிபிஎம்முக்குக் குறைவான எல்சி 50 காட்டின. அந்த வரம்புக்குள் வந்தால் "செயல்திறன் உண்டு" என்று கொள்வது வழக்கம். நம்ம ஓமத்துக்கும் கணக்கு இருக்கிறது. 2009இல் இந்திய ஆய்வாளர்கள் ஓமத் தைலத்தை அனாஃபிலிஸ் ஸ்டீஃபென்சி புழுக்கள் மீது சோதித்தார்கள். சென்னை போன்ற நகரங்களில் கிணறு, மேல்நிலைத் தொட்டி என்று வளர்ந்து மலேரியாவைப் பரப்பும் கொசு இது. பாதிப் புழு சாக ஓமத் தைலம் சுமார் 81 பிபிஎம் தேவைப்பட்டது. அதிலிருந்து பிரித்த தைமால் மட்டும் என்றால் சுமார் 49 பிபிஎம்.

ஒரு தொட்டிக்கு எவ்வளவு ஓமம்?

சரி, இப்போது பாட்டியின் தொட்டிக்கு வருவோம். 500 லிட்டர் பிடிக்கும் என்று வையுங்கள். ஏடிஸுக்குக் கணக்கு கொஞ்சம் முன்பின் இருக்கலாம், ஆனால் எந்த அளவில் பேசுகிறோம் என்பது புரிய இது போதும்.

500 லிட்டரில் 81 பிபிஎம் வர 40 கிராம் தைலம் வேண்டும். நல்ல ஓமத்தில் 100 கிராமுக்கு 2 முதல் 4 கிராம் வரை தைலம் இறங்கும். ஆக, ஒன்றிலிருந்து இரண்டு கிலோ ஓமத்தைக் காய்ச்சினால்தான் ஒரே ஒரு தொட்டியில் பாதிப் புழு சாகும். மீதிப் பாதியும் சாக வேண்டுமென்றால் அளவு இன்னும் கணிசமாக ஏறும். பாதிப் புழு செத்தால் டெங்கு பாதியாகக் குறைந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். இடமும் தீனியும் தாராளமாகக் கிடைப்பதால் மிஞ்சிய புழுக்கள் நன்றாகக் கொழுத்து வளரும்.

பாட்டி ஊற்றியதோ தைலம்கூட இல்லை, தீநீர். தைமால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறத்தாழ 1 கிராம்தான் கரையும். பாட்டில் 200 மில்லி என்றும், அதில் கரையும் அளவு முழுக்கக் கரைந்திருக்கிறது என்றும் தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் 0.2 கிராம். 500 லிட்டரில் அது 0.4 பிபிஎம். தேவைப்பட்ட 49 எங்கே, இந்த 0.4 எங்கே! நூறில் ஒரு பங்குகூட வரவில்லை. புழுக்கள் ஓம வாசனையோடு சுகமாக இருந்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

அதே தொட்டிக்கு டெமிஃபாஸ் 1 பிபிஎம் போட அரை கிராம் மருந்துப் பொருள் போதும். உண்மையில் எதிர்ப்பு வராத ஏடிஸ் புழுவுக்கு அதுவே ரொம்ப அதிகம்; எதிர்ப்பு இருக்கிறதா என்று சோதிக்க உலக சுகாதார நிறுவனம் வைத்திருந்த அளவே 0.02 பிபிஎம்தான். தைலத்துக்கும் டெமிஃபாஸுக்கும் வீரியத்தில் ஆயிரக்கணக்கான மடங்கு இடைவெளி இருக்கிறது. தைலங்களைப் பற்றி உற்சாகமாக எழுதுபவர்கள் இந்த ஒரு ஒப்பீட்டை மட்டும் எப்படியோ மறந்துவிடுகிறார்கள்.

அளவோடு சிக்கல் முடியவில்லை. ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் யூகலிப்டஸ் தைலம் ஒரு சொட்டு விடுங்கள். பரப்பில் மிதக்கும். இன்னொரு டம்ளரில் நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய கிராம்புத் தைலம் ஒரு சொட்டு விடுங்கள். சுத்தமானதாக இருந்தால் முத்து மாதிரி உருண்டு கீழே இறங்கும். கிராம்புத் தைலம் தண்ணீரைவிடக் கனமானது. எப்படியும் இரண்டுமே தண்ணீரில் சீராகப் பரவவில்லை, கவனித்தீர்களா? ஆய்வுக்கூடத்தில் எழுதும் பிபிஎம் கணக்கு, தைலம் தண்ணீர் முழுக்க ஒரே சீராகக் கலந்திருக்கிறது என்ற அடிப்படையில் போட்டது. தொட்டியில் அப்படிக் கலக்காது. மேலே ஒரு திட்டு, அடியில் ஒரு திட்டு, நடுவில் ஒன்றுமே இல்லை.

மேலே நிற்கும் திட்டும் நிலைக்காது. தாளில் விட்ட சொட்டுக்கு நடந்ததே தொட்டியிலும் நடக்கும், ஆவியாகிப் போய்விடும். வெயிலும் காற்றும் பட்டால் சிதையவும் செய்யும். ஏடிஸ் முட்டைகளோ தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, தொட்டிச் சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கக்கூடியவை. அடுத்த முறை தண்ணீர் ஏறும்போது பொரியும். இன்று விட்ட தைலம் அன்றைக்கு அங்கே இருக்காது.

சில தைலங்களின் வாசனைக்குத் தாய்க்கொசு முட்டையிடத் தயங்கும் என்பதும் ஆய்வுகளில் தெரிகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தயங்கிய கொசு முட்டையிடாமல் போய்விடுவதில்லை. பக்கத்து வீட்டுப் பூந்தொட்டித் தட்டில் இட்டுவிட்டுப் போகும்.

செடியிலிருந்து வந்தது என்பதால்...

அளவைக் கூட்டினால் சரியாகிவிடாதா என்று கேட்பீர்கள். மீன் வளர்ப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். மீனைக் கையாளும்போது மயக்கமாக்க அவர்கள் கிராம்புத் தைலத்தையே பயன்படுத்துகிறார்கள், லிட்டருக்குச் சில பத்து மில்லிகிராம் அளவில். அதாவது கொசுப்புழுவைக் கொல்லும் அதே அளவில் மீனும் மயங்கிவிடும். கூடினால் செத்தும் போகும். கிணற்றிலும் தொட்டியிலும் கொசுப்புழு தின்பதற்காகவே கப்பி, கம்பூசியா மீன்களை விடுகிறோம். தைலத்தைக் கொட்டி அந்த மீனைக் கொன்றுவிட்டால் இருந்த காவல்காரனையும் அனுப்பிவிட்டோம் என்று அர்த்தம்.

வீட்டிலும் கவனம் வேண்டும். யூகலிப்டஸ் தைலத்தைச் சின்னக் குழந்தை சில மில்லி விழுங்கினாலே வலிப்பு வரலாம். டீ ட்ரீ தைலம் பூனைக்கு விஷம். பல தைலப் பொருட்களைக் கழித்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்குக் குறைவு. குடிக்கும், சமைக்கும் தண்ணீரில் 80 பிபிஎம் தைலம் இருந்தால் ஆபத்து வருவதற்கு முன்பே காபியில் ஓமம் மணக்கும், யாரும் குடிக்க மாட்டார்கள்.

இன்னொன்று, தைலம் எப்போதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. துளசியை எடுத்துக்கொண்டால், ஒரு ஊர்த் துளசியில் யூஜினால் தூக்கல், இன்னொன்றில் மீத்தைல் யூஜினால் தூக்கல். மண், பருவம், செடியின் வயது, காய்ச்சிய விதம் எல்லாமே கலவையை மாற்றும். ஒரு ஆய்வில் 40 பிபிஎம்மில் வேலை செய்த துளசித் தைலம் உங்கள் கடைத் துளசித் தைலத்துக்கு உத்தரவாதம் ஆகாது.

ஆராய்ச்சி எங்கே நிற்கிறது?

இவ்வளவு சொன்னதும் தைலங்கள் வெறும் பேச்சு என்று தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கரையாமை, ஆவியாதல் என்ற இரண்டு தொல்லைகளைத் தீர்க்கத்தான் இப்போது அதிக வேலை நடக்கிறது.

ஒரு வழி நானோ பால்மம். மோரில் வெண்ணெய்த் துணுக்குகள் மிதப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அதைவிடப் பல மடங்கு நுணுக்கமாக, மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவிலான துளிகளாகத் தைலத்தை உடைத்து, ஒன்றோடொன்று சேர்ந்துவிடாமல் பால்மமாக்கி ஒன்றால் பிடித்து வைப்பார்கள். துளி அவ்வளவு சிறியதாகும்போது தண்ணீர் முழுக்கப் பரவி நிற்கும், புழுவின் உடம்போடு தொடர்பும் கூடும். குறைந்த அளவிலேயே வேலை முடியலாம்.

எனக்குப் பிடித்தது இன்னொரு வழி. கொசுப்புழுவின் வாயைச் சுற்றி விளக்குமாறு போல மயிர்க்கற்றைகள் உண்டு. அவற்றை ஆட்டிக்கொண்டே தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்களையும் தூசையும் வாரித் தின்னும். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஒரு வேலையில், ரொட்டி மாவைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட் செல்களுக்குள் ஆரஞ்சுத் தைலத்தை அடைத்தார்கள். புழுவுக்கு ஈஸ்ட் என்றால் விருந்து. அது தானே தேடி வந்து தின்னும். ஈஸ்ட் குடலில் செரிக்கும்போது தைலம் அங்கேயே வெளிப்படும். தொட்டி முழுக்கத் தைலத்தைக் கரைக்க வேண்டிய கட்டாயமே இல்லை. தண்ணீருக்கு மருந்து போடுவதை விட்டுவிட்டுப் புழுவின் சாப்பாட்டில் மருந்து வைக்கும் வேலை. செல்லின் சுவர் போர்வையாக இருப்பதால் தைலம் சீக்கிரம் ஆவியாகியும் போகாது. ஆனால் கூட்டுப்புழு தின்பதில்லையே, அதனிடம் இது செல்லாது. அதற்குத்தான் முன்பே நினைவில் வைக்கச் சொன்னேன்.

டெமிஃபாஸோடு கொஞ்சம் தைலப் பொருளைச் சேர்த்தால், எதிர்ப்பு வந்த புழுக்களை மறுபடி வழிக்குக் கொண்டுவர முடியுமா என்றும் பார்த்து வருகிறார்கள். என் கணிப்பைக் கேட்டால், தைலங்கள் நாளைக்கு நம் தெருவுக்கு வரும்போது பாட்டிலில் சொட்டுச் சொட்டாக வராது. இப்படி வேறு ஒன்றுக்குள் ஒளிந்து மாத்திரையாகவோ தூளாகவோதான் வரும்.

அபேட்டும் வேண்டாம் என்பவர்களுக்கு இப்போதே கைக்கு எட்டும் உயிரியல் மருந்து ஒன்று இருக்கிறது: பிடிஐ என்ற பாக்டீரியா. 1976இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் ஒரு குட்டையில் கண்டெடுத்தது. புதுச்சேரியில் உள்ள நோய்க்கடத்திகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையமும் தனி வகை ஒன்றைப் பிரித்தெடுத்திருக்கிறது. இந்த பாக்டீரியா உண்டாக்கும் புரதப் படிகம், புழுவின் காரத்தன்மையுள்ள குடலில்தான் கரைந்து விஷமாகும். மீனுக்கோ மனிதருக்கோ ஒன்றும் செய்யாது. இயற்கை மருந்துதான் வேண்டும் என்று பாட்டி கேட்டிருந்தால் நான் கை காட்டியிருப்பது இதைத்தான்.

அன்றைக்கு அந்தப் பெண் மருந்து எதையும் ஊற்றவில்லை. "ஒரு தேங்காய் நார் இருந்தா கொடுங்க பாட்டி" என்று வாங்கிக்கொண்டார். இருவருமாகத் தொட்டித் தண்ணீரைச் செடிகளுக்கும் மண்ணுக்கும் வாரி இறைத்தார்கள்; மண்ணில் விழுந்த புழு பிழைக்காது. பிறகு அவர் தொட்டியின் உள்சுவரைத் தண்ணீர்க் கோட்டை ஒட்டிச் சுற்றிலும் அழுத்தித் தேய்த்தார். மிளகுத்தூள் தூவியது போல நாரில் கருப்புப் புள்ளிகள் ஒட்டியிருந்தன. "இதுதான் முட்டை. வெறும் தண்ணியை மட்டும் மாத்தினா இது அப்படியே இருக்கும்" என்றார்.

பாட்டி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அந்த நாரை வெகுநேரம் பார்த்தார். பிறகு உள்ளே போய் தாத்தாவின் பழைய வேட்டியில் பாதியைக் கிழித்துக்கொண்டு வந்தார். இப்போது அந்தத் தொட்டியின் வாயில் வேட்டித் துணி கயிறு போட்டு இறுகக் கட்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தோறும் அதை அவிழ்த்து, நாரைப் போட்டுத் தேய்க்கும் சத்தம் எங்கள் வீடு வரை கேட்கும்.